நம்மவர் ஒருவர் இருந்தால் போதுமா?



தேர்தல் நெருங்கும் காலமெல்லாம் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி வலம் வருகிறது. புதுவை முல்லா வீதியானாலும் காரைக்கால் கடைத்தெருவானாலும், தொழுகை முடித்து வெளியே வருவோர் முதலில் கேட்பது, "நம்மவர் யாராவது நிற்கிறாரா?" என்பதுதான். நிற்கிறார் என்றால் மனம் குளிர்கிறது, இல்லையென்றால் வாடிவிடுகிறது. இந்த ஆவலை நாம் குறை கூறவில்லை. சிறு தொகையினராக வாழும் எந்தச் சமுதாயமும் ஆட்சி மன்றத்தில் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு, நியாயமும்கூட.

ஆனால், நம்மவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு வாக்களிப்பதை மார்க்கம் ஏற்குமா? நம்மவரல்லாத ஒருவர் நம் பிரதிநிதியாக இருக்க முடியுமா? இவை வெறும் அரசியல் கேள்விகளல்ல. நாளை மறுமையில் நாம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள். ஆகவே நிதானமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி புதுவை மாநிலத்தில் முஸ்லிம்கள் 75,000-க்குச் சற்று அதிகம். அதாவது 100-க்கு 6 பேர். காரைக்காலில் இந்த விகிதம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மாஹேயில் பத்தில் மூவர் முஸ்லிம்கள். புதுவைப் பகுதியிலோ மிகக் குறைவு. சட்டமன்றத்துக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 30. அவற்றில் 5 தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டவை. மதச் சிறுபான்மையினருக்கென்று ஒதுக்கீடு எதுவும் இல்லை.

2021 தேர்தலில் மாநிலம் முழுவதும் இருந்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம். 30 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரி 33,000 பேர்தான். இத்தனை சிறிய தொகுதியில் சில நூறு வாக்குகள் வெற்றியைத் தோல்வியாக்கும், தோல்வியை வெற்றியாக்கும். ஆகவே நம் எண்ணிக்கை சிறிதாயினும் நம் வாக்கின் கனம் சிறிதன்று. கனம் உள்ள பொருளுக்குத்தானே விலை பேச ஆள் வருகிறான்? நமக்குள்ள சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

வரலாறு கற்றுத் தரும் பாடம்

நம் மண்ணில் இந்தக் கேள்வி புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1881-ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறந்தது. இந்தியர் எவரும் தம் மதவழிச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்பது அதன் சாரம். அப்படித் துறந்தவர்களையே 'ரெனோன்சான்' என்றழைத்தனர். பிறகு 1884-இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனையோர். கையளவே இருந்த ஐரோப்பியருக்கு அவர்களுடைய தொகைக்கு மிஞ்சிய இடங்கள் கிடைத்தன. துறந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் கிடைத்தது.

நம் முன்னோரில் பெரும்பாலோர் அந்தப் பாதைக்குப் போகவில்லை. நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் அரசியல் பலம் தமக்கு வேண்டாம் என்று இருந்துவிட்டனர். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் யாது? பிரதிநிதித்துவம் என்பது நம் தீனையும் நம் நேர்மையையும் காப்பதற்கான ஒரு வழி. அவற்றையே விலையாகக் கொடுத்து அதை வாங்கினால், வேலி வாங்குவதற்காகத் தோட்டத்தை விற்றவன் கதையாகிவிடும்.

அப்போது பிரிட்டிஷ் இந்தியாவாக இருந்த பகுதிகளில் 1909 முதல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. சுதந்திரம் வந்ததும் அரசியல் நிர்ணய சபையில் இது பெரும் விவாதமாயிற்று. 1947 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த போக்கர் சாகிபு தனித் தொகுதி முறை தொடர வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிபும் அதற்காக வாதாடினார். சபை அதை ஏற்கவில்லை. 1949 மே மாதத்தில் இட ஒதுக்கீடும் கைவிடப்பட்டது. அப்போது ஒதுக்கீடு வேண்டாமென்று பேசியவர்களில் பேகம் ஐஸாஸ் ரஸூல் அம்மையாரும் ஒருவர். ஒதுக்கீடு நம்மைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்பது அம்மையாரின் அச்சம். அது இல்லாவிட்டால் நம் குரலே அமுங்கிவிடும் என்பது காயிதே மில்லத்தின் கவலை. இரண்டிலும் உண்மை உண்டு. இரு தரப்பும் சமுதாயத்தின் நன்மையை நாடியே பேசின. அவர்களில் ஒருவரைத் துரோகி என்பது நமக்கு ஆகாது.

அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவை பின்னர்தான் இந்தியாவோடு இணைந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தனர். லட்சக்கணக்கான மக்களின் வருங்காலத்தை 178 பேரின் கை முடிவு செய்தது. பிரதிநிதி என்ற சொல்லின் பாரம் எவ்வளவு என்று இதிலிருந்தே விளங்கும்.

நியமனத்தின் வழியாகவும் மன்றத்துக்குள் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். புதுவைச் சட்டமன்றத்துக்கு 3 பேர் வரை நியமிக்கும் அதிகாரத்தை 1963-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசுக்கு அளித்துள்ளது. மாநில அரசைக் கலந்துகொள்ளாமலே அதைச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நியமனம் பெற்றவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? கொடுத்த கைக்குத்தானே! கொடுத்த கை எடுக்கவும் செய்யும். மக்களவையில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த 2 நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோனதை நாடே கண்டது.

நாயகம் (ஸல்) அவர்களின் முன்மாதிரி

பிரதிநிதித்துவம் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத்தந்த ஒன்று என்று எண்ண வேண்டாம். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் மதீனாவிலிருந்து வந்த 73 ஆண்களும் 2 பெண்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தனர். அப்போது அண்ணலார், உங்களிலிருந்து 12 பேரைத் தேர்ந்து தாருங்கள் என்று அவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள். தாமாக எவரையும் நியமிக்கவில்லை. வந்தவர்களில் கஸ்ரஜ் கோத்திரத்தார் மிகுதி. அவ்ஸ் கோத்திரத்தார் சிலரே. ஆயினும் தேர்ந்தெடுக்கப்பட்ட நகீபுகளில் 9 பேர் கஸ்ரஜ், 3 பேர் அவ்ஸ். சிறு தொகையினரின் குரலுக்கும் அங்கே இடமிருந்தது. ஆகவே நமக்கும் ஒரு குரல் வேண்டும் என்று கேட்பது வகுப்புவாதமாகாது.

ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் போருக்குப் பின், ஹவாஸின் கூட்டத்தாரின் கைதிகளைத் திருப்பிக் கொடுக்க நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பினார்கள். கூட்டத்தினர் ஒரே குரலில் சம்மதம் என்றனர். வேறெந்தத் தலைவராயினும் அதோடு திருப்தி அடைந்திருப்பார். அண்ணலார் அடையவில்லை. யார் மனமுவந்து சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்று தமக்குத் தெரியவில்லை என்றார்கள். ஒவ்வொரு பிரிவினரும் திரும்பிச் சென்று, தத்தம் 'அரீஃப்' மூலம் கருத்தைத் தெரிவிக்கச் சொன்னார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

அரீஃப் என்றால் தன் மக்களை அறிந்தவர் என்று பொருள். கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிப்போகும் ஏழையின் சம்மதத்தையும் மறுப்பையும் கேட்டறிந்து, கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவரே பிரதிநிதி. மக்களைக் கேளாமலேயே "எங்கள் ஜமாஅத்தின் வாக்கு அத்தனையும் உங்களுக்கே" என்று வேட்பாளரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாக்குக் கொடுப்பவர் அரீஃப் அல்லர், தரகர். அரீஃபுகளை எச்சரித்து அபூதாவூதில் ஒரு ரிவாயத் உண்டு. மக்களுக்கு அரீஃபுகள் அவசியமே, ஆனால் அரீஃபுகள் நரகில் இருப்பர் என்பது அதன் கருத்து. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி முஹத்திஸ்கள் பேசியிருக்கின்றனர் எனினும், பொறுப்பிலிருப்போர் உள்ளம் நடுங்க அது போதுமானது.

சிறுபான்மையாக வாழ்ந்த முஸ்லிம்களின் முதல் பிரதிநிதி யார் என்று கேட்டால், ஹபஷாவில் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் நின்ற ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களைத்தான் சொல்ல வேண்டும். குறைஷியரின் தூதர்கள் அன்பளிப்புகளால் அவையோரை முன்கூட்டியே வளைத்திருந்தனர். அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. உண்மை மட்டுமே இருந்தது. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அது ஆபத்தான இடம் என்று அறிந்தும், தம்முள் கலந்தாலோசித்து, அல்லாஹ் அறிவித்ததையே சொல்வதென்று முடிவு செய்தனர். ஜஃபர் (ரலி) அதையே சொன்னார்கள். பிறகு அந்த மன்னருக்கு எதிராக ஒருவன் கிளம்பியபோது, மன்னரின் வெற்றிக்காகத் துஆச் செய்ததாக அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆலோசனை, உண்மை, வாழும் நாட்டின் மீது நல்லெண்ணம் - பிரதிநிதிக்குரிய மூன்று தகுதிகளும் அந்தச் சபையில் விளங்கின.

நம்மவரா, தகுதியுள்ளவரா?

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். மக்கா வெற்றியின்போது இது அருளப்பட்டதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகின்றனர். கஃபாவின் சாவி அன்று நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கரத்தில் இருந்தது. அந்தப் பொறுப்பைத் தம் குடும்பத்துக்குத் தருமாறு அவர்களுடைய சிறிய தந்தையார் அப்பாஸ் (ரலி) கேட்டதாக ரிவாயத் உள்ளது. சொந்தச் சிறிய தந்தை! அதைவிட 'நம்மவர்' யார் இருக்க முடியும்? ஆயினும் சாவி, பரம்பரையாக அதைப் பேணிவந்த உஸ்மான் பின் தல்ஹா அவர்களிடமே திரும்பச் சென்றது. உறவு வேறு, உரிமை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

புதுவையின் அனுபவத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். காரைக்காலில் பிறந்த ஜனாப் எம். ஓ. ஹெச். பாரூக் அவர்கள் 1967-இல், முப்பது வயது நிறையுமுன்னரே புதுவையின் முதலமைச்சரானார்கள். பிறகு 1969 முதலும் 1985 முதலும் அப்பதவியை வகித்தார்கள். மூன்று முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சவூதி அரேபியாவுக்கு இந்தியத் தூதராகவும், ஜார்க்கண்டிலும் கேரளத்திலும் ஆளுநராகவும் பணியாற்றி 2012-இல் மறைந்தார்கள். 100-க்கு 6 பேரே முஸ்லிம்களாக உள்ள மாநிலத்தில் இது எப்படி நடந்தது? நம் வாக்குகள் மட்டும் அவரை அங்கே அமர்த்தவில்லை. ஹிந்துச் சகோதரர்களும் கிறிஸ்தவச் சகோதரர்களும் தம் வாக்கை ஒரு முஸ்லிமிடம் நம்பி ஒப்படைத்தனர். அவர்கள் 'நம்மவரா' என்று மட்டும் பார்த்திருந்தால் அவர் அங்கே அமர்ந்திருக்க முடியாது. பிறர் நமக்குச் செய்த இந்த நியாயத்தை நாம் பிறருக்குச் செய்ய மறுக்கலாமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தம்மவர் பதவியில் இருப்பது ஒன்று. தம் குறை தீர்வது மற்றொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபுலானி என்றொரு மக்கள் உள்ளனர். பெரும்பாலும் முஸ்லிம்கள், அவர்களில் கணிசமானோர் மாடு மேய்த்து ஊர் ஊராகச் செல்பவர்கள். 1804-இல் சீர்திருத்தப் போர் தொடங்கி ஸொகோட்டோ கிலாஃபத்துக்கு வித்திட்ட ஷைகு உஸ்மான் தான் ஃபோதியோ (ரஹ்) அந்த மக்களில் தோன்றிய பேரறிஞர். பல நாடுகளில் பரவிக் கிடக்கும் இவர்கள், அவற்றில் பலவற்றில் சிறுபான்மையினரே. நைஜீரியாவில் 1979 முதல் 1983 வரை ஆண்ட ஷெஹு ஷகாரியும், 2015 முதல் 2023 வரை ஆண்ட முஹம்மது புஹாரியும் இந்த மக்களைச் சேர்ந்தவர்களே. அதனால் மந்தையோடு அலையும் ஏழை மேய்ச்சல்காரனின் நிலை மாறிவிட்டதா? அவனுடைய மேய்ச்சல் வழிகள் குறுகிக்கொண்டே போயின. விவசாயிகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் இடையே இரத்தம் சிந்துவது தம்மவர் ஆண்ட காலத்திலும் நிற்கவில்லை. "உங்கள் ஆள்தானே ஆள்கிறார்" என்ற ஏச்சு மட்டும் அவன் தலையில் விழுந்தது. உச்சியில் ஒரு பெயர் நம் பெயர் போல இருப்பதால் அடியில் இருப்பவனின் வயிறு நிறைந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு படிப்பினை.

ஆகவே வரிசையை நாம் மாற்றிவிடக் கூடாது. முதலில் நேர்மை, அடுத்து ஆற்றல், இவ்விரண்டிலும் இருவர் சமமாக இருந்தால், நம் நிலையை அறிந்த நம்மவருக்கு முன்னுரிமை. நேர்மையற்றவர் நம்மவர் என்பதற்காக, நேர்மையுள்ள அண்டை வீட்டுக்காரரைத் தள்ளிவிடுவது அமானித மோசடியாகும். தகுதியற்றோரிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்படுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கியாமத்தின் அடையாளமாகவே கூறியிருக்கிறார்கள்.

பதவியைத் தானே கேட்பது கூடுமா என்றும் சிலர் ஐயுறுவர். பதவியைக் கேட்டுப் பெறாதே என்று அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியது உண்மை. யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டதும் குர்ஆனில் உள்ளது. பஞ்சம் வரப்போவதை அறிந்து, அதைச் சமாளிக்கும் அறிவும் பேணுதலும் தம்மிடம் இருப்பதை உணர்ந்து, மக்களுக்காகக் கேட்டார்கள். பதவியால் தான் உயர நினைப்பவனுக்கு முதல் செய்தி. பதவியால் பிறரைக் காக்க வல்லவனுக்கு இரண்டாவது.

வாக்கு ஒரு ஷஹாதத்

முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் தம் தஃப்ஸீரான மஆரிஃபுல் குர்ஆனில் வாக்கை மூன்றாகப் பகுத்து விளக்குகிறார்கள். அது ஒரு சாட்சியம்: இவர் தகுதியானவர் என்று சொல்கிறோம். அது ஒரு சிபாரிசு: இவரை அமர்த்துங்கள் என்கிறோம். அது ஒரு வக்காலத்து: நமக்காகச் செயல்பட இவரை நியமிக்கிறோம். பொய்ச் சாட்சி பெரும்பாவம். தீய சிபாரிசு செய்தவனுக்கு அதன் விளைவில் பங்குண்டு. வக்கீல் செய்வது அவரை ஏவியவரைச் சாரும். இந்த வக்காலத்து நம் வீட்டோடு நிற்பதுமன்று; ஊர் முழுவதன் காரியம் அது. ஆகவே அவர் செய்யும் நன்மையிலும் நமக்குப் பங்குண்டு, அநீதியிலும் பங்குண்டு. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்று குர்ஆன் சொல்வதால், "எனக்கென்ன" என்று வீட்டிலிருந்துவிடுவதும் சரியாகாது.

இத்தகைய சாட்சியத்தைப் பணத்துக்கு விற்கலாமா? வாக்குக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுகளின் நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 27 காசு! யாசகனும் வாங்கத் தயங்கும் தொகைக்கு நம் வக்காலத்தை எழுதிக் கொடுக்கிறோம். இது அன்பளிப்பல்ல, ரிஷ்வத். கொடுப்பவனையும் வாங்குபவனையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். வாங்கியவர் கொடுத்தவனிடமே திருப்பிவிட வேண்டும். இயலாவிடில் நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"பணம் வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டேனே, மீறலாமா?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. தகுதியற்றவனுக்குச் சாட்சி சொல்வதாகச் செய்த சத்தியத்தை நிறைவேற்றக் கூடாது. அதை முறித்து, நல்லதைச் செய்து, கஃப்பாரா கொடுக்க வேண்டும். 10 ஏழைகளுக்கு உணவளிப்பது அல்லது உடை கொடுப்பது. அதற்கு வசதியில்லாதவர் 3 நாள் நோன்பு நோற்பது. சத்தியத்தைக் காட்டி நம்மை யாரும் பாவத்தில் கட்டிப்போட முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

தேர்தலுக்கு முன்பே ஒவ்வொரு மஹல்லாவும் கூடி உட்கார வேண்டும். நம் தேவைகளை எழுத வேண்டும். சாக்கடை, குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்பவை அண்டை வீட்டாருக்கும் நமக்கும் பொதுவானவை. அவற்றை முதலில் எழுதுவோம். கபரஸ்தான், வக்ஃபு சொத்து, ஷரீஅத் பாதுகாப்பு என்பவை நமக்கே உரியவை. அவற்றை மிகைப்படுத்தாமல் எழுதுவோம். நம் தேவையை மட்டும் கேட்பவர் பங்கு கேட்பவர்; எல்லோருக்கும் நியாயம் கேட்டு அதில் தம் நியாயத்தையும் சேர்த்துக் கேட்பவரே முஸ்லிம்.

அந்தக் கூட்டத்தில் பெண்களின் கருத்தையும் கேட்க வேண்டும். அகபாவில் 2 பெண்கள் பைஅத் செய்தார்கள். ஹுதைபிய்யாவில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். புதுவையில் 2021-இல் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்களே அதிகம். அப்படியிருக்க, வீட்டுப் பெண்களின் வாக்கை ஆண்கள் முடிவு செய்வது எந்த ஸுன்னத்?

எழுதிய காகிதத்தை எல்லா வேட்பாளர்களிடமும் கொடுப்போம். பள்ளிவாசலின் மிம்பரை எந்தக் கட்சியின் மேடையாகவும் ஆக்காதிருப்போம். தேர்தல் முடிந்த பின், வென்றவர் நாம் வாக்களித்தவரானாலும் இல்லாவிட்டாலும், அதே காகிதத்தோடு ஆண்டுக்கொருமுறை அவர் வாசலுக்குப் போவோம். நம்மவர் வென்றாலும் அவரிடம் கணக்குக் கேட்போம். சொல்லப்போனால் அவரிடம் அதிகமாகவே கேட்போம். அவர் தவறினால் அவர் பெயர் மட்டும் கெடுவதில்லை. நம் அனைவரின் சாட்சியமும் கெடுகிறது. நமக்கோ நம் பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பதன்றோ அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்கிடும் கட்டளை!

நம்மவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் அது போதாது. அவர் உண்மையைச் சொல்பவராக இருக்க வேண்டும். நாமும் உண்மையான சாட்சிகளாக இருக்க வேண்டும். வல்ல நாயன் நம் அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நல்லறிவையும், நீதியில் நிலைத்து நிற்கும் உறுதியையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.